நாகர்கோவிலில் ஒரு காமிக்ஸ் கடை: "தம்பிக்கா வாங்குறீங்க?"

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடை நல்ல கடைதான். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கீழே செல்போன் ரிப்பேர், பக்கத்தில் தையல்கடை, நடுவில் ஒருக்களித்து ஏற வேண்டிய ஒரு படிக்கட்டு, மேலே கதவைத் திறந்தால் குளுகுளுவென்று ஏசி, சுவர் முழுக்கப் பொம்மையும் புத்தகமும். நம்ம ஊரில் இப்படி ஒரு கடை வரும் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இதற்கெல்லாம் திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, கூரியர்காரர் தக்கலையில் நின்றுகொண்டு "வீடு எங்கன?" என்று நாலு தடவை போன் போடுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நடத்துகிற பையன் நல்லவன், நான் எழுதுவது அவன் பிழைப்பில் மண்ணைப் போட இல்லை.

போனது நானும் என் அக்கா மகளும். ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணக்கில் தொண்ணூறு தாண்டினால் ஒரு பொம்மை என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பொம்மை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், "ஃபிகர் சித்தி, ஃபிகர்" என்பாள். நான் காலேஜ் போன காலத்தில் பஸ் ஸ்டாண்டில் ஃபிகர் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்.

கதவைத் திறந்ததும் கவுன்டரில் நின்றவன் (ஓனர் இல்லை, வேலைக்கு நிற்கிற பையன்) என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்க அக்கா, தம்பிக்கா வாங்குறீங்க?" என்றான். எந்தத் தம்பி? என் பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட பெண்பிள்ளை ஒன்று நிற்கிறது, தோளில் மின்னல் படம் போட்ட பை தொங்குகிறது. இவளுக்குத்தான் என்றேன். உடனே கையை நீட்டினான்: "கேர்ள்ஸ் ஐட்டம் அந்த மூலையில இருக்கு." மூலையில் பிங்க் கீசெயின், பூனைமுகம் போட்ட பர்ஸ், ஹேர்கிளிப், ஒற்றைக்கொம்புக் குதிரை போட்ட தண்ணி பாட்டில். தரம் மோசமில்லை, கீசெயின் 120 ரூபாய்க்கு நியாயமான விலைதான். ஆனால் பந்தி முடிந்தபிறகு வந்தவனுக்கு அடிச் சாம்பாரை ஊற்றினால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தாள் அவள்.

அவளுக்கு வேண்டியது கேப்டன் மார்வெல் என்கிற காமிக்ஸ் வீராங்கனையின் ஃபிகர். அதைச் சொன்னதும், நடுவில் போர்டு கேம் விளையாடுகிற மேஜையிலிருந்த நாலு பையன்களில் ஒருவன், காலேஜ் படிக்கிற வயசு, திரும்பி, "கேப்டன் மார்வெலோட உண்மையான பேரு என்னன்னு சொல்லு பாப்போம்" என்றான். கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்து டீசர்ட் புரட்டிக்கொண்டிருந்த பையனிடம் யாரும் பரீட்சை வைக்கவில்லை, அவன் எதை எடுத்தாலும் காசு கொடுத்தால் போதும். இவள் கொஞ்சம்கூட யோசிக்காமல் கேட்டாள்: "எந்த கேப்டன் மார்வெல்?"

மேஜை அமைதியாகிவிட்டது. நியாயமான கேள்விதானே. மார்வெல் கம்பெனியில் அந்தப் பெயரை 1967இல் முதலில் வைத்துக்கொண்டது மார்-வெல் என்கிற வேற்றுக்கிரக ஆண். 1982இல் மோனிகா ராம்போ வந்தார், கறுப்பினப் பெண். இப்போது எல்லோருக்கும் தெரிந்த கரோல் டான்வர்ஸ் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது 2012இல்தான். இதெல்லாம் போக, 1940லேயே வேறொரு கம்பெனியில் ஒரு கேப்டன் மார்வெல் பறந்துகொண்டிருந்தார், அவரை இப்போது ஷசாம் என்கிறார்கள். கேட்டவன் "ஓ" என்று சொல்லிவிட்டு டைஸை உருட்டப் போய்விட்டான். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், இருந்தாலும் பொம்மை வாங்க வந்த பிள்ளைக்கு வாசலில் எதற்கு நுழைவுத் தேர்வு?

சரி, ஃபிகருக்கு வருவோம். கடையில் கரோல் ஒன்றுதான் இருந்தது, 1,450 ரூபாய். பெட்டியைக் கையில் வாங்கியதும் இவள் முகம் சுருங்கியது. பழைய உடுப்பு. 70களின் கடைசியில் மிஸ் மார்வெல் என்ற பெயரில் இருந்தபோது போட்டுவிட்டது, கறுப்பு நீச்சலுடை, இடுப்பில் சிவப்புத் துணி, தொடைவரை பூட்ஸ். கரோல் ஒரு விமானப்படை அதிகாரி. பக்கத்துத் தட்டில் இருக்கிற ஆண்கள் எல்லாம் கழுத்திலிருந்து கால்விரல் வரை கவசம் போட்டுக்கொண்டு நிற்க, விண்வெளிக்குப் போகிறவள் மட்டும் குளிக்கப் போகிற கோலத்தில் நிற்கிறாள். 2012இல் கேப்டன் ஆனபோதுதான் அவளுக்கு விமானி போடுகிற மாதிரி முழு உடுப்பு கிடைத்தது, அதைத்தான் இவள் கேட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை. இவளுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தது கமலா கான் என்கிற காமிக்ஸ் நாயகி. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் இருக்கிற பாகிஸ்தான் வம்சாவளிப் பெண், பள்ளிக்கூடம் போகிறவள், 2014இல் அவளுக்கென்று தனி காமிக்ஸ் வந்தது, அடுத்த வருஷமே அறிவியல் புனைகதைகளுக்குக் கொடுக்கிற ஹ்யூகோ விருது வாங்கியது. அந்தக் கதையின் ஆரம்பத்தில் கமலாவுக்குச் சக்தி கிடைத்ததும் அவள் ஆசைப்பட்டபடி கரோலாகவே மாறிவிடுகிறாள், பொன்னிறத் தலைமுடி, இதே நீச்சலுடை. மாறிய கொஞ்ச நேரத்திலேயே பூட்ஸ் கடிக்கிறது, துணி ஏறிப்போகிறது, நிம்மதியாக நிற்கக்கூட முடியவில்லை. அப்புறம் தன்னிடம் இருந்த முழு நீளக் குளியலுடை ஒன்றைத் தைத்து மாற்றித் தனக்கென்று ஓர் உடுப்பு செய்துகொள்கிறாள். கதையில் அந்தப் பெண்ணே வேண்டாம் என்று கழற்றிப்போட்ட உடுப்பைத்தான் எங்களுக்கு எடுத்துக் காட்டினார்கள்.

பொம்மைத் தட்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2015இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் விமானத்திலிருந்து பைக்கோடு ரோட்டில் குதிப்பது பிளாக் விடோ என்கிற வீராங்கனை. அந்தக் காட்சி பொம்மையாக வந்தபோது பைக்கில் கேப்டன் அமெரிக்காவை உட்காரவைத்துவிட்டார்கள். அப்போதே பெரிய சண்டை நடந்தது. அந்த மாதிரிப் பெட்டி ஒன்று, பழைய ஸ்டாக், தூசியோடு இங்கே இருக்கிறது. "வண்டி அவளோடது, ஓட்டுறது இவரா?" என்றாள் இவள். என் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு போகிற அண்ணன் ஞாபகம் வந்தது எனக்கு.

இந்தக் கடையில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்த இடம் புத்தகப் பகுதி. "பாப்பா நல்லா படிக்கும்போல" என்று கவுன்டர் பையன் உற்சாகமாகி, "இதுதான் கிளாசிக்" என்று எடுத்துக் கொடுத்தது தி கில்லிங் ஜோக் என்கிற பேட்மேன் கதை. 1988இல் வந்தது. படம் அற்புதமாக வரைந்திருப்பார்கள், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஜோக்கர் வீட்டுக்குள் புகுந்து பார்பராவைச் சுட்டு, உடுப்பைக் களைந்து, போட்டோ எடுப்பான். எதற்கு? அவள் அப்பாவைப் பைத்தியமாக்க. பேட்கேர்ளாகப் பறந்தவள் அவள், அந்தக் கதையில் மட்டும் அப்பாவின் வேதனைக்கும் பேட்மேனின் கோபத்துக்கும் ஒரு சாக்கு. நம்ம சினிமாவில் இடைவேளைக்கு முன்னால் தங்கச்சி செத்தால்தான் அண்ணன் அரிவாளை எடுப்பான், அதே கணக்கு. இதற்கு ஒரு பெயரே உண்டு. 1994இல் கிரீன் லான்டர்ன் காமிக்ஸில் நாயகனின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் அடைத்து வைத்திருப்பான் வில்லன். இப்படி வெட்டப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999இல் கெயில் சிமோன் என்கிற காமிக்ஸ் ரசிகை பட்டியல் போட்டு, அதற்கு "ஃபிரிட்ஜுக்குள் பெண்கள்" என்று பெயர் வைத்தார். பிற்பாடு அவரே பேட்கேர்ள் கதைகளையும் எழுதினார். பார்பராவை அப்படியே விட்டுவிடவும் இல்லை. காமிக்ஸ் எழுதுகிற ஜான் ஆஸ்ட்ரன்டரும் அவர் மனைவி கிம் யேலும் சேர்ந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டர் வழியாக மற்ற வீரர்களை நடத்துகிற ஆரக்கிளாக அவளை மாற்றினார்கள். அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை கையில் எதைக் கொடுக்கலாம் என்று ஒரு கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மருந்துக்கடைக்காரருக்குத் தெரிகிற மாதிரி.

இதற்குள் ஓனர் தம்பி வந்துவிட்டார். பெங்களூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து கடை போட்டவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்களே இப்படி துணி பத்திப் பேசினா எப்படி? பொம்பளைங்க துப்பட்டா போடலன்னு சொல்றவன் மாதிரி ஆயிரும்லா" என்றார். நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் கொஞ்சம் நீளம், நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும்தான் சட்டென்று புரியும். இதே மண்ணில், தெற்குத் திருவிதாங்கூரில், மார்பை மறைக்க உரிமை வேண்டும் என்று பெண்கள் 1820களிலிருந்து அடிவாங்கிப் போராடினார்கள். தோள்சீலைக் கலவரம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1859 ஜூலை 26 அன்று அரசாணை வந்தது, நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கொள்ளலாம் என்று. அதிலும் ஒரு கொக்கி: மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது. அவிழ்க்கச் சொன்னவனும் அவன்தான், போடலாம் ஆனால் இப்படித்தான் போடணும் என்று சொன்னவனும் அவன்தான். கரோலின் நீச்சலுடையும் எனக்கு அப்படித்தான். சின்னதா பெரிதா என்பதில் எனக்கு வழக்கே இல்லை, அவளைக் கேட்டா கொடுத்தார்கள்?

அவர் விடவில்லை, தமிழ் காமிக்ஸ் தட்டைக் காட்டினார். "அப்ப மாடஸ்டி?" கெட்டிக்காரர். இந்தத் தட்டுதான் கடையிலேயே எனக்குப் பிடித்தது, பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள், கவருக்குள் ஒரு வசம்புத் துண்டு வேறு. 1984இல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. இரும்புக்கை மாயாவி மாதிரி ஆண்களே ஆண்டுகொண்டிருந்த இடத்தில் தொடக்க இதழே ஒரு பெண்ணுக்கு. கூடவே வரும் வில்லி கார்வின் அவளுக்குக் காதலன் இல்லை, அவளை "இளவரசி" என்று கூப்பிடுகிற தோழன், அடியாள், எல்லாம். அவளுக்கு ஒரு தந்திரம் உண்டு: எதிரிகள் இருக்கிற அறைக்குள் மேலாடை இல்லாமல் நுழைவாள், அவர்கள் வாயைப் பிளக்கிற இரண்டு நொடியில் வில்லி வேலையை முடிப்பான். அது அவள் முடிவு, சரிதான். ஆனால் அவள் அப்படி முடிவெடுத்தாள் என்று எழுதியவரும் ஆண், வரைந்தவரும் ஆண், வாய்பிளந்து படித்தவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள். இந்த விஷயத்தில் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. எனக்கு மாடஸ்டியைப் பிடிக்கும், அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து திருடிப் படித்தவள் நான்.

கடைசியாக அந்த போஸ்டர். கவுன்டருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு வீராங்கனை, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் தெரிகிற மாதிரி இடுப்பைத் துணி பிழிகிறது போல முறுக்கி நிற்கிறாள். "தம்பி, நீங்க அப்படி ஒரு தடவை நின்னு காட்டுங்க" என்றேன். மனுஷன் நிஜமாகவே முயற்சி பண்ணினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 2012இல் ஹாக்ஐயை, வில் வைத்திருப்பாரே அவரை, இப்படிப்பட்ட பெண் போஸ்களில் நிற்கவைத்து ரசிகர்களும் ஓவியர்களும் படம் படமாக வரைந்து தள்ளினார்கள். போனில் தேடச் சொன்னேன். போர்டு கேம் மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்று சிரித்தார்கள், பரீட்சை வைத்தவன்தான் அதிகம் சிரித்தான். "ஏல, இதுல அவரு இடுப்பு எங்கல போச்சு?"

முழு உடுப்பு கரோலை வரவழைத்துத் தருகிறேன் என்றார் ஓனர். 500 ரூபாய் அட்வான்ஸ், இரண்டு வாரம் என்றவர் மூன்றாவது வாரம் போன் போட்டார், அது நம்ம ஊர் வழக்கம். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, கேட்டதும் நூறு ரூபாய் குறைத்தார். வாங்கிவிட்டு எதிரே சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் சாப்பிட்டோம், எண்ணெய்க் கையோடு பெட்டியைத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கரோல் இப்போது அக்கா வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே நிற்கிறாள்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். தமிழ் காமிக்ஸ் தட்டுக்கு ஒன்று, காது கொடுத்துக் கேட்ட ஓனருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. இரண்டாம் முறை போனபோதும் பிங்க் மூலை அப்படியேதான் இருந்தது, போஸ்டரைக் காணோம். டீசர்ட்டில் பெண்கள் அளவு இல்லை, ஆண்களுக்கான ஸ்மால் வாங்கினால் தோள் தொங்கும். கழிப்பறை கிடையாது. ஞாயிறு மதியம் சாத்திவிடுகிறார்கள், போவதானால் சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். வண்டியைத் தையல்கடை முன்னால் நிறுத்தினால் அந்த அம்மா திட்டுவார்.