ஸ்காபரோவில் ஒரு கராஜ்: ஆடிய ஸ்டியரிங்கும் காணாமற்போன வளையமும்

நவம்பர் நடுப்பகுதியில் குளிர்கால ரயர்களைப் பூட்டுவித்தேன். அடுத்து வந்த ஞாயிறு அதிகாலை, கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறி வேகம் மணிக்கு 95 கிலோமீற்றரைத் தொட்டதும், என்னுடைய 2014ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக்கின் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கத் தொடங்கியது. 105இல் அது உச்சத்துக்கு வந்தது. அதற்கு மேலே போனபோது சற்றுத் தணிந்தது. 100 என்று எல்லை போட்ட வீதியில் அதற்கு மேலே ஏன் போனாய் என்று கேட்கக் கூடியவர்கள் 401இல் வாகனம் ஓட்டியிராதவர்களாகத்தான் இருக்க வேண்டும். கோடை ரயர்களில் ஒரு குறையுமின்றி ஓடிய வாகனம் இது. ஆகவே கோளாறு ரயர் மாற்றியதில் இருக்கிறது என்பதை அறியப் பெரிய நிபுணத்துவம் வேண்டியதில்லை. மாற்றியதில் எந்த இடத்தில் என்பதை அறியத்தான் மூன்று கிழமைகளும் இரண்டு கடைகளும் தேவைப்பட்டன.

இந்த மதிப்புரை இரண்டாவது கடையைப் பற்றியது. எக்ளின்டன் வீதிக்கு அண்மையில் இரண்டு வாகனங்கள் மட்டும் நிற்கக்கூடிய ஒரு சிறிய கராஜ் அது. நவம்பரில் ஏற்கெனவே தாங்க முடியாத கூட்டம், பெயர் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். முதற்கடையின் பெயரையும் எழுதப் போவதில்லை. அங்கு நடந்தது அந்தக் கடையில் மட்டும் நடப்பதல்ல.

அயல் மாகாணமான கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் குளிர்கால ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகிவிடும் என்பதால் எங்களில் பலரும் அதற்கென்று தனியாக ஒரு தொகுதி ரிம் வாங்கி, அதிலேயே ரயரைப் பூட்டி வைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான், இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஹொண்டா அல்லாத நிறுவனங்கள் செய்து வெளிச் சந்தையில் வந்த அலோய் ரிம்களை வாங்கியிருந்தேன். இந்த விவரம் முக்கியமானது. முதற்கடையில் இதை யாரும் கேட்கவில்லை.

அங்கே முதல் தடவை திரும்பிப் போனபோது, பலன்ஸ், அதாவது சில்லின் எடைச் சமநிலை, போயிருக்கும் என்று நான்கு சில்லுகளையும் கழற்றி இயந்திரத்தில் ஏற்றிச் சரிசெய்து, அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். நடுக்கம் துளியும் குறையவில்லை. இரண்டாம் தடவை, சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மன்ட் செய்யச் சொன்னார்கள். அலைன்மன்ட் பிழைத்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஓரத்தில் தேயும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவதற்கு அது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. நான் மறுத்துவிட்டு வந்தேன். அந்த மறுப்பு மட்டுமே இந்தக் கதையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

இரண்டாவது கடை உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். வாகனத்தைத் தொடுவதற்கு முன் கேள்விகள்தான் கேட்டார். "தம்பி, ஸ்டியரிங் ஆடுதோ, சீற் ஆடுதோ?" என்பது முதற்கேள்வி. முன்சில்லில் குறையென்றால் பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். பின்சில்லில் குறையென்றால் ஆசனத்திலும் தரையிலும் தெரியும். ஸ்டியரிங் நன்றாக ஆடுகிறது, ஆசனத்திலும் மெல்லிய அதிர்வு இருக்கிறது என்றேன். "எத்தினையிலை துவங்குது? பிரேக் பிடிச்சால் கூடுதோ? காஸ் அமத்தேக்கை கூடுதோ?" பிரேக் பிடிக்கும்போது மட்டும் கூடினால் பிரேக் தட்டைப் பார்க்க வேண்டும். காஸ் அமத்தும்போது, அதாவது வேக மிதியை அழுத்தும்போது கூடி, காலை எடுத்தவுடன் அடங்கினால் அச்சின் உள் மூட்டைப் பார்க்க வேண்டும். இருபது முப்பது கிலோமீற்றர் வேகத்திலேயே சில்லு தள்ளாடினால் அது வேறு. நட் தளர்ந்திருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், ரயருக்குள் இருக்கும் உருக்குப் பட்டி பிரிந்திருக்கலாம். அந்த நிலையில் வாகனத்தை ஓட்டி வரவே கூடாது, இருந்த இடத்திலிருந்து இழுத்து வரச் சொல்லுவேன் என்றார். காலையில் முதற்சில கிலோமீற்றர் தடதடவென்று அடித்துப் பிறகு மறைந்தால், குளிரில் நின்ற ரயர் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கிறது. அது தானாகவே சரியாகும். பனி கொட்டிய மறுநாள் திடீரென்று நடுங்கினால் ரிம்மின் உட்புறத்தில் பனிக்கட்டி இறுகியிருக்கிறது; அதற்குக் கராஜ் தேவையில்லை, வாகனம் கழுவும் இடம் போதும். இவ்வளவையும் ஒரு பாடம் போலவே சொன்னார். சிலருக்கு இது அலுப்பாக இருக்கலாம். எனக்கு, முதற்கடைக்கு இரண்டு தடவை வெறுமனே அலைந்த பிறகு, பாடம் கேட்பதில் ஆட்சேபனை இருக்கவில்லை.

அதன்பின் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அவரே நெடுஞ்சாலைவரை ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து வாகனத்தை உயர்த்தி, முன் இடது சில்லைக் கழற்றியதும், ரிம்மின் நடுத்துளையைக் காட்டிச் சிரித்தார்.

சிவிக்கின் ஹப், அதாவது சில்லைப் பூட்டும் சுழல் தட்டு, நடுவில் வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி 64.1 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. ஹொண்டா தரும் ரிம்மின் துளையும் அதே அளவு. ஆகவே சில்லு தானாகவே மையத்தில் அமரும். வெளிச் சந்தை ரிம் பல வாகனங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அதன் துளையைப் பெரிதாகச் செய்கிறார்கள், என்னுடையது 73.1 மில்லிமீற்றர். இடையில் உள்ள வெளியை நிரப்புவதற்கு ஒரு மெல்லிய வளையம் வரும். முன் இடது சில்லிலும் பின் வலது சில்லிலும் அந்த வளையம் இல்லை. எங்கே போயிருக்கும் என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. ஏப்பிரலில் குளிர்காலச் சில்லைக் கழற்றும்போது வளையம் கறளில் ஒட்டி ஹப்பிலேயே நின்றிருக்கும். அது நின்றால் ஹொண்டாவின் கம்பனிச் சில்லு உள்ளே போகாது. ஆகவே பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் வளையமாதலால் பிடுங்கும்போது உடைந்தும் இருக்கலாம். அந்த ஏப்பிரல் வேலையும் முதற்கடையில்தான் நடந்தது. வீட்டுக்கு வந்த சில்லுகளை நிலக்கீழ் அறையில் அடுக்கிவைத்தபோது நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

பலன்ஸ் இயந்திரம் இதை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதே எனக்கு விளங்காமல் இருந்த விடயம். விளக்கம் எளிமையானது. இயந்திரத்தின் தண்டில் சில்லை ஏற்றும்போது ஒரு கூம்பு அதன் துளைக்குள் புகுந்து அதைச் சரியாக மையப்படுத்துகிறது. அங்கே சில்லில் பிழையே இல்லை. எத்தனை தடவை சுற்றினாலும் இயந்திரம் பூச்சியந்தான் காட்டும். பிழை சில்லுக்கும் ஹப்புக்கும் இடையில் இருக்கிறது. அது வாகனத்தில் பூட்டினால் மட்டுமே பிறக்கிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரயரும் ரிம்மும் சேர்ந்து 20 கிலோ என்று கொண்டால், சில்லு மையத்திலிருந்து அரை மில்லிமீற்றர் விலகி அமர்வது, ரிம்மின் விளிம்பில், மையத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் தூரத்தில், 50 கிராம் ஈயக்கட்டியை ஒட்டுவதற்குச் சமம். பலன்ஸ் செய்பவர்கள் 5 கிராமுக்கும் 10 கிராமுக்கும் மெனக்கெடுகிறார்கள். 100 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு எட்டுக் கிலோ எடைக்குச் சமமான விசை அச்சைப் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் நடுங்காமல் என்ன செய்யும்?

கூம்பு வடிவ நட்டுகளே சில்லை மையத்துக்கு இழுத்துவிடும், வளையம் தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. சில்லு நிலத்தைத் தொடாமல் தொங்கும்போது, கையால், எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கினால் அந்த வாதம் ஓரளவு சரிதான். முதற்கடையில் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது வேறு: காற்றுத் துப்பாக்கியால் முதல் நட்டை முழுவதுமாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். முதல் நட் எங்கே இழுத்ததோ அங்கேயே சில்லு நின்றுவிட்டது. நட்டின் வடிவத்தையும் இரண்டாவது கடைக்காரர் பார்த்தார். ஹொண்டாவின் கம்பனி ரிம்முக்கு உருண்டை இருக்கையுள்ள நட் வேண்டும். வெளிச் சந்தை ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு நட் வேண்டும். பருவத்துக்குப் பருவம் ரிம் மாற்றும்போது நட்டையும் மாற்றாவிட்டால், இறுகியது போலத் தோன்றினாலும் உண்மையில் விளிம்பில் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். என் விடயத்தில் நட் சரியாக இருந்தது. அந்த அளவுக்கு முதற்கடைக்கு நன்றி.

ஹப்பின் முகத்தில் படிந்திருந்த கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுக்கத்தான் அதிக நேரம் போனது. உப்புத் தூவும் வீதிகளில் பத்து ஆண்டு ஓடிய வாகனம். சுரண்டச் சுரண்டச் செதில் செதிலாக வந்தது. ஒரு செதில் அகப்பட்டாலும் சில்லு சாய்ந்து அமரும் என்பதால் நான்கு ஹப்புகளையும் சுத்தம் செய்தார். பிளாஸ்டிக்குக்குப் பதிலாக நான்கு புதிய அலுமினிய வளையங்களைப் போட்டு, மீண்டும் ஒட்டிக்கொள்ளாதிருக்க ஹப்பின் விளிம்பில் மட்டும் மெல்லிய மசகுப் பசை பூசினார். அந்தப் பசை நட் ஏறும் மரைகளில் படக்கூடாது என்றார். பட்டால் உராய்வு குறைந்து, அளவுக்கு மேலே இறுகிவிடும். இறுதியில், எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து காட்டும் ரோர்க் ரெஞ்சால், நட்சத்திர ஒழுங்கில், ஹொண்டா சொல்லும் 108 நியூட்டன் மீற்றரில் நிறுத்தினார்.

மீண்டும் 401. 105இல் ஸ்டியரிங் அசையவில்லை. 110க்கு அருகில் ஒரு சிறு சிலிர்ப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. திரும்பி வந்து முன் வலது சில்லைச் சுழலவிட்டு, ரயரின் முகத்துக்கு அருகே ஒரு திருப்புளியை அசையாமல் பிடித்தார். இடைவெளி ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிந்தது. ரயர் முழு வட்டமாக இல்லை. அதைப் பின்னுக்கு மாற்றினார். அதோடு அந்தச் சிலிர்ப்பு உணரமுடியாத அளவுக்குப் போய்விட்டது. முழுத் திருப்தி வேண்டுமென்றால், உருளையால் ரயரை அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரம் உள்ள கடைக்குப் போ, என்னிடம் அது இல்லை என்றும் சொன்னார். இல்லாததை இல்லையென்று சொன்ன அந்த இடத்தில்தான் இந்தக் கடைக்கு மதிப்புரை எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன்.

வேலைக்கு 90 டொலர், வளையங்களுக்கு 20 டொலர், அதற்கு மேலே 13 வீத வரி. முதற்கடையில் பயனற்ற பலன்சுக்குக் கட்டியதோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லை. ஆனால் மலிவு என்றும் சொல்லமாட்டேன்.

குறைகளும் உண்டு. நேரம் ஒதுக்கித் தரமாட்டார். காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு இரண்டரை மணிநேரம் பிடித்தது. காத்திருப்பதற்கு ஒரேயொரு கதிரை, அதுவும் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் குளிர் வந்து மோதும் இடத்தில். கடனட்டை எடுக்கமாட்டார்கள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பற்றுச்சீட்டில் "அதிர்வு திருத்தம்" என்று ஒரே வரியில் எழுதித் தந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தச் சில்லில் வளையம் இல்லை, எந்த ரயர் வட்டமில்லை என்று எழுதியிருந்தால் ரயர் வாங்கிய இடத்தில் உத்தரவாதம் கேட்க உதவியிருக்கும். கேட்ட பிறகு பின்பக்கத்தில் கையால் எழுதித் தந்தார். இந்த ஒரு காரணத்துக்காக ஐந்தில் நான்கரை.

100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளைச் சரிபார்க்க வரச் சொல்லியிருந்தார். இதே அறிவுறுத்தல் முதற்கடையின் பற்றுச்சீட்டிலும் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. வாயால் எவரும் சொல்லவில்லை. நான் போனபோது வரிசையில் நின்றவர்களை விலக்கி, ஐந்து நிமிடத்தில் இருபது நட்டையும் பார்த்தார். பின் வலதில் ஒன்று மட்டும் சற்று அசைந்தது. காசு வாங்கவில்லை. "ஏப்பிரலிலை கழட்டேக்கை வளையம் நாலும் இருக்கோ எண்டு எண்ணிப் போட்டு ரயர்ப் பைக்கை வை" என்றார். சரி அண்ணை என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே ஏப்பிரல் முதற்கிழமைக்குக் கைபேசியில் ஒரு நினைவூட்டல் போட்டேன்.