ஊர்ப் பள்ளியா, பாளையங்கோட்டையா?

மானூர்ப் பக்கம் இருக்கும் தங்கச்சி, மகளை ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்க்க என்று கேட்டாள். இரண்டுமே அரசுப் பள்ளிதான்.

எண்ணிக்கை: ஊரில் 20 பிள்ளைகள், 2 டீச்சர். டவுனில் ஒரு வகுப்பிலேயே 42. கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்கப் பள்ளிக்குச் சொல்வது 30 பேருக்கு ஒருவர்.

கவனிப்பு: பத்துக்கு ஒன்று என்பது ஏட்டுக் கணக்கு. அந்த இருவரே ஐந்து வகுப்பையும் பார்க்கணும். இந்தப் பாயில் ‘அ’ எழுத, அடுத்த பாயில் மூன்றாம் வாய்ப்பாடு கேட்கும். ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போனால் சோலி முடிஞ்சுது! டவுனில் வகுப்புக்கு ஒருவர் உண்டு. ஆனால் கடைசி வரிசை நோட்டு திருத்தாமலே கிடக்கும்.

போக்குவரத்து: ஊரில் நடை, டவுனுக்கு பஸ்.

என் கணக்கு, ஐந்து வரை ஊர்ப் பள்ளி. ஆறிலிருந்து பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வேணும்; அப்போ பாளையங்கோட்டை.