மனம் உடைந்தால் கசுவல் லீவா, மெடிக்கல் லீவா?

பேசிய கலியாணம் எழுத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது குழம்பிப்போனால், அடுத்த திங்கள் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைப்பது எவ்வளவு கொடுமை என்று மட்டக்களப்பில் அரச வேலை செய்கிற பலருக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கென்று தனியாக ஒரு லீவு நமக்குக் கிடையாது. இருப்பது வருடத்துக்கு 45 நாள்: கசுவல் 21, ஓய்வு லீவு 24. மெடிக்கல் போட்டாலும் இந்த ஓய்வு லீவில்தான் கழியும்.

கசுவல் சுலபம். "சொந்த அலுவல்" என்று எழுதினால் சரி, பெரிதாக யாரும் துருவ மாட்டார்கள். ஆனால் இரண்டு நாள் படுத்துக் கிடந்து, மூன்றாம் நாள் வேலைக்குப் போய், திரும்ப அழுகை வந்து இன்னொரு அரைநாள் போட்டு, இப்படித் துண்டு துண்டாக எடுத்தால் மனசு ஆறாது, லீவுதான் கரையும். அப்புறம் மார்கழியில் அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் கையில் ஒன்றும் இருக்காது.

மெடிக்கல் என்றால் வைத்தியரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுதான் பயம். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குப் போவதைத் தெரிந்த ஆள் கண்டால் கல்லாறு வரைக்கும் கதை போய்விடும் என்று நினைக்கிறோம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இதையே எடுங்கள். தொடர்ச்சியாக ஓய்வு கிடைக்கும், லீவு மிச்சம் இருக்கும்வரை சம்பளமும் வெட்டுப்படாது, எல்லாவற்றையும் விட ஒரு வைத்தியர் உங்களைப் பார்ப்பார். நேரே போக மனம் வரவில்லையா, முதலில் 1926க்கு எடுத்துக் கதையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலேயே கதைக்கலாம்.