வால்வுப் பெட்டியும் ரான்சிஸ்டர் பெட்டியும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் இரண்டு கிற்றார் அம்பிளிஃபயர்கள் அருகருகே நிற்கின்றன: ஒன்று, நான்கு ஈஎல்84 வால்வுகளுடன் (மின் சைகையைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள்) ஏறத்தாழ 30 வாட் தரும் பழைய வொக்ஸ் ஏசி30; மற்றையது, வால்வுக்குப் பதிலாக ரான்சிஸ்டரில் இயங்கும் சிறிய பெட்டி.

சிறியது ஆளியைப் போட்டதும் தயார். ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிடலாம். ஆனால் எல்லையைத் தாண்டி ஒலியை உயர்த்தினால் ஒலி அலையின் உச்சி சட்டென வெட்டுப்பட்டு, காதைக் குத்தும். வால்விலோ அந்த உச்சி மெல்ல வளைந்து மழுங்குவதால், தந்தியை மென்மையாகத் தொட்டால் தெளிவாகவும் அழுத்தி மீட்டினால் இதமான கரகரப்புடனும், விரலின் வேகத்துக்கே ஒலி இணங்குகிறது. 1960களின் வால்வுப் பெட்டிகளை இன்றும் பலர் தேடி அலைவதற்கு, என் கணிப்பில், பழமை மீதான மோகத்தைவிட இந்த இணக்கமே காரணம்.

தொல்லைகளும் உண்டு. வால்வு சூடேறக் காத்திருக்க வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். 120 வோல்ற்றுக்கென அமைந்த அமெரிக்கப் பெட்டியை நமது 230 வோல்ற் இணைப்பில் நேரடியாகச் செருகவே கூடாது. மின்னை நிறுத்திய பின்னரும், மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகளில் நூற்றுக்கணக்கான வோல்ற் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அனுபவமில்லாதவர் உட்பகுதியைத் தொடுவது உயிராபத்து.

அயலவர் உறங்கும் இரவுகளில் நான் சிறிய பெட்டியையே நாடுகிறேன். வொக்ஸ் ஞாயிறு மாலைகளுக்கு உரியது.