கட்சிக் கணக்கைப் படிக்கப் பழக்கும் அரைநாள் வகுப்பு

பாளையங்கோட்டையில், ஒரு வாடகை மண்டபத்தின் மாடியில், வாக்காளர் விழிப்புணர்வுக்காக இயங்கும் சிறு குழு ஒன்று அரைநாள் வகுப்பு நடத்துகிறது. அரசியல் கட்சிகளுக்கு வரும் நன்கொடைக் கணக்கையும் வேட்பாளர்களின் தேர்தல் செலவுக் கணக்கையும் வாக்காளர் தாமே எடுத்துப் படிக்கப் பழக்குவதுதான் நோக்கம். கட்டணம் 150 ரூபாய். 40 பக்க நகல் கட்டும் இருமுறை தேநீரும் அதில் அடக்கம். மேடைப் பேச்சாகப் போய்விடுமோ என்ற தயக்கத்தோடுதான் சென்றேன். அந்தத் தயக்கம் முதல் கால் மணி நேரத்திலேயே போய்விட்டது.

பயிற்றுநர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். ஊர்க் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வரி கொடுத்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். வந்திருந்த முப்பது பேரில் ஏறத்தாழ எல்லாக் கைகளும் உயர்ந்தன. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி பிரித்து, நோட்டில் பெயர் எழுதி, கொடை முடிந்தபின் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவை வாசித்து, மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் கலைவது நம் பக்கத்து வழக்கம் என்பதால், அவர் அதற்குமேல் முன்னுரை சொல்லத் தேவைப்படவில்லை. முக்கூடலிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், “நூறு ரூவா வரி குடுத்தாலே நோட்டுல பேரு ஏறுதுல்லா அண்ணாச்சி, கோடி குடுக்கவன் பேரு எங்க ஏறும்?” என்று கேட்டதிலிருந்து பாடம் தானாகவே தேர்தல் பத்திரத்துக்குள் நுழைந்தது.

வகுப்பின் சிறந்த பகுதி அதுதான். 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் வழிசெய்யப்பட்டு, 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தின்படி, பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கி, கடைசித் தேர்தலில் குறைந்தது ஒரு சதவீத வாக்குப் பெற்ற எந்தப் பதிவுபெற்ற கட்சிக்கும் கொடுக்க முடிந்தது. கட்சி அதை 15 நாட்களுக்குள் பணமாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைச் செல்லாது என்று அறிவித்ததும், ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கியின் மனுவை நீதிமன்றம் தள்ளியதும், மார்ச் 14 அன்று வாங்கியவர் பட்டியலும் பணமாக்கிய கட்சிகளின் பட்டியலும் தனித்தனியாக 763 பக்கங்களில் வெளிவந்ததும் செய்தித்தாளில் படித்ததுதான். ஆனால் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் பணம் யாருக்குப் போயிற்று என்று தேடச் சொன்னபோதுதான், அந்த 763 பக்கங்களும் எதையும் சொல்லவில்லை என்பது உறைத்தது. இரண்டையும் பிணைக்கும் எண் ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும்படி இருந்தது. நீதிமன்றம் மீண்டும் அதட்டிய பிறகு, மார்ச் 21 அன்றுதான் அந்த எண்கள் வெளியாயின.

எண்கள் சேர்ந்த பட்டியலை எங்கள் கையில் கொடுத்து, தமிழ்நாட்டுக் கட்சிகளில் ஒன்றைத் தேடச் சொன்னார்கள். பத்திரங்களை மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியது கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட பியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம், தி.மு.க. தானே ஆணையத்திடம் தெரிவித்த 656.5 கோடியில் 509 கோடி அந்நிறுவனத்தினுடையது. பட்டியல் தொடங்கும் 2019 ஏப்ரலிலிருந்து பா.ஜ.க. பணமாக்கியது சுமார் 6,060 கோடி, அ.தி.மு.க. பணமாக்கியது சுமார் 6 கோடி. எந்தக் கட்சிக்காரர் அருகில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாராமல் எல்லாக் கணக்கையும் ஒரே குரலில் வாசித்ததற்காகவே பயிற்றுநருக்குத் தனி மதிப்பெண் தரலாம். எதிர்வரிசையில் கரை வேட்டி கட்டிய ஒருவர் நெளிந்தார். ஆனாலும் எழுந்து போகவில்லை.

பத்திரம் போனபிறகும் ஓட்டைகள் இருக்கின்றன என்பதை அடுத்த பகுதி விளக்கியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவின்படி, ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயரை மட்டுமே கட்சிகள் தெரிவிக்க வேண்டும். அந்த எல்லைக்குக் கீழே எவ்வளவு வந்தாலும் பெயர் ஏறாது. பகுஜன் சமாஜ் கட்சி பல ஆண்டுகளாக அந்தத் தொகைக்கு மேல் ஒரு நன்கொடையும் வரவில்லை என்றே அறிக்கை தந்துவந்தது. தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் பல நிறுவனங்களின் பணம் ஒரே பானையில் விழுந்து பிரியும்போது, எந்தக் காசு எந்தக் கட்சிக்குப் போனது என்று நேராகச் சொல்வதும் கடினம்.

செலவுப் பக்கம்தான் எனக்கு அதிகம் பயன்பட்டது. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கும் மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கும் மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு இருந்தாலும், கட்சி செலவழிப்பதற்கு வரம்பே இல்லை. முடிவு வந்த 30 நாட்களுக்குள் வேட்பாளர் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு தர வேண்டும்; நமக்கு அது கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம். அதை எந்தக் குடிமகனும் சிறு கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம் என்பது எனக்கு இத்தனை தேர்தல்களிலும் தெரியாமலே போயிற்று. 2024 ஏப்ரலில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 4 கோடி ரூபாய் ரொக்கம் தாம்பரத்தில் பிடிபட்டதை ஒருவர் நினைவூட்டினார். அத்தகைய பணம் எந்தக் கணக்கிலும் வராது, கணக்கில் வருவதையாவது படிக்கலாமே என்பது பயிற்றுநரின் பதில். எனக்கு அது பாதிச் சமாதானம்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கட்சிகளைத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரும்படி மத்தியத் தகவல் ஆணையம் 2013இல் சொன்னதையும், தேர்தல் செலவுக்கு அரசே உதவுவது பற்றி இந்திரஜித் குப்தா குழு 1998இல் பரிந்துரைத்ததையும் கடைசி இருபது நிமிடங்களில் அடைத்துவிட்டார்கள். சீர்திருத்தம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டு அதற்கு இவ்வளவுதான் நேரமா என்று தோன்றியது. உடனே சுற்றுக்கு வந்த கோரிக்கை மனுவில் கையெழுத்துக் கேட்டது எனக்கு ஒப்பவில்லை. படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களே படிக்க நேரம் தராமல் கையெழுத்து வாங்குவது முறையல்ல. நான் மனுவை வீட்டுக்கு எடுத்துவந்து, மறுநாள் படித்துத்தான் கையெழுத்திட்டேன்.

நகல் கட்டின் எழுத்து மிகச் சிறியது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லவும். காலை, மதியம் என இரு வகுப்புகள் இருக்கின்றன. மாடியில் மின்விசிறி இரண்டுதான் என்பதால் காலை வகுப்பில் இடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.