பிஆர் ஏஜெண்டா, உரிமம் பெற்ற ஆலோசகரா? சிங்கப்பூரிலிருந்து ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர் பலருக்கு மனத்துக்குள் இரண்டு கணக்கு ஓடும். இங்கேயே நிரந்தரவாசம் (பிஆர்) கிடைக்குமா, இல்லை ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து என்று கிளம்பிவிடலாமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்ட ஒருவர் இருக்கிறார். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

முதலில் இங்கே. வேலை பாஸ் விஷயத்தில் சட்டம் கறார்தான். முதலாளி சார்பில் எம்ப்ளாய்மென்ட் பாஸ், ஒர்க் பெர்மிட் விண்ணப்பித்துத் தரும் நிறுவனத்துக்கு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் நடத்தினால் 80,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் முடிவெடுக்கும் முறையும் ஓரளவு வெளிப்படை. 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி தேவை. எதற்கு எத்தனை என்பது அமைச்சின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. நிபுணர், நிர்வாகிகள் 25 பேராவது உள்ள ஒரு நிறுவனத்தில், அவர்களில் இந்தியக் குடிமக்கள் 25 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், இந்தியாவிலிருந்து வருபவருக்கு நாட்டினர் பன்மைக்கான பிரிவில் பூஜ்யம்தான். அதை எந்த ஏஜெண்டும் மாற்ற முடியாது. கசப்பாக இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, சரி.

பிஆர் அப்படியில்லை. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் குடும்பப் பிணைப்பு, பொருளாதாரப் பங்களிப்பு, தகுதி, வயது என்று பார்ப்பவற்றைச் சொல்கிறது. எதற்கு எவ்வளவு எடை என்பதைச் சொல்வதில்லை. நிராகரித்தாலும் காரணம் வராது. பிஆர் ஆலோசகருக்கென்று தனி உரிமமும் இல்லை. அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் வழியாக நாமே 100 வெள்ளி கட்டி விண்ணப்பிக்கக்கூடிய ஒன்றுக்கு, சிலர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். மதிப்பெண்ணே வெளியிடாத தேர்வுக்கு டியூஷன் எடுப்பது மாதிரிதான் இது. படிவத்தை அழகாக நிரப்பித் தரலாம். ‘உங்கள் வாய்ப்பு இத்தனை விழுக்காடு’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வெளியே. ஆஸ்திரேலியாவில் 1992 முதல் பதிவு முறை இருக்கிறது. வழக்கறிஞர் அல்லாத ஆலோசகர் ஒவ்வொருவருக்கும் பதிவெண் உண்டு, பொதுப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஓட்டை பெரியது: அந்தக் கட்டாயம் ஆஸ்திரேலியாவுக்குள் இருப்பவருக்கு மட்டும்தான். இங்கே சிராங்கூன் சாலையில் மேசை போட்டு ஆஸ்திரேலியா விசா பேசுபவருக்கு அது பொருந்தாது. விரும்பிப் பதிவு செய்தவர்களும் உண்டு, எண்ணைக் கேட்டால் தெரிந்துவிடும். குடியேற்ற விசாவுக்கான புள்ளிகள் வெளிப்படைதான், 65 இருந்தால் விருப்பம் தெரிவிக்கலாம். விண்ணப்பிக்க அழைப்பு வருவது வேறு சங்கதி.

கனடாவில் காசு வாங்கினால் எங்கிருந்தாலும் அங்கீகாரம் வேண்டும்: வழக்கறிஞராகவோ, 2021 நவம்பரில் தொடங்கிய, ‘ஆலோசகர் கல்லூரி’ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும்.

நியூசிலாந்துதான் இதில் முந்துகிறது. ஆலோசகருக்கு உரிமம் கேட்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2010 மே முதல் வெளிநாட்டு ஆலோசகர்களுக்கும் கட்டாயம். உரிமமில்லாமல் ஆலோசனை சொன்னால் 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் நியூசிலாந்து டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். வெலிங்டனிலிருந்து வந்து இங்கே யாரையும் பிடிப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உரிமமும் விலக்கும் இல்லாதவர் கொடுக்கும் விண்ணப்பத்தை அங்கே வாங்கவே மாட்டார்கள், அதுதான் சட்டத்தின் உண்மையான பல். குடும்பத்துக்குள் மச்சான் காசு வாங்காமல் சொல்லும் யோசனைக்கு விலக்கு உண்டு. குடியிருப்பு விசா மறுக்கப்பட்டால் 42 நாளுக்குள் தனித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடும் செய்யலாம். உரிமத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். ஆலோசகர் நல்லவராக இருந்தும் அதிகாரி தவறு செய்தால் போக ஓர் இடம் வேண்டுமே.

அங்கேயும் ஓட்டை உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு மாணவர் விசாவுக்கு மட்டும் ஆலோசனை தருபவருக்கு உரிமம் தேவையில்லை. பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோர் போய் உட்காருவது பெரும்பாலும் அப்படிப்பட்டவர் முன்தான். அப்புறம், எந்த நாடானாலும், விண்ணப்பத்தில் தன் பெயரைப் போடாமல் ‘நீங்களே செய்ததாக இருக்கட்டும்’ என்று நிரப்பித் தருபவரை எந்தப் பட்டியலிலும் தேட முடியாது. அதில் பொய் இருந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.