பள்ளித் தோட்ட ஓரத்துக்குச் செடி: ஒரு நர்சரி சேவையைப் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் பள்ளித் தோட்டத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி நாற்பது அடி நீளத்துக்குக் குறுஞ்செடிகள் வைப்பதற்காக, செடிகளைத் தேர்ந்து தந்து நட்டும் கொடுக்கிற ஒரு நர்சரியை அமர்த்தினோம். நடவு வேலையில் அவர்களிடம் குறை காண்பது கடினம். தேர்வில்தான் நாங்கள் விழிப்பாக இருக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் முதலில் நீட்டிய பட்டியலில் அரளி, டுரான்டா, உண்ணிச்செடி மூன்றும் இருந்தன. மூன்றும் வெயிலைத் தாங்கும், நன்றாகப் பூக்கும், ஆடுமாடுகளும் பெரும்பாலும் சீண்டுவதில்லை என்று அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அரளியின் இலை, பூ, தண்டு, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு இருக்கிறது. டுரான்டாவின் மஞ்சள் நிறப் பழங்களும் உண்ணிச்செடியின் பச்சைக் காய்களும் நச்சுடையவை. அவையோ, பறித்து விளையாடச் சொல்வதுபோல, சிறு குழந்தையின் கண்மட்டத்திலேயே கொத்துக்கொத்தாகத் தொங்குபவை. இதைச் சொன்னபோது, எல்லா இடத்திலும் இதைத்தான் வைக்கிறார்கள் என்று பதில் வந்தது. பள்ளிக்குச் செடி கொடுப்பவர்கள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பட்டியலை மாற்றச் சொன்னதும் தயங்காமல் மாற்றினார்கள். சுவரோரம் மூன்றடி இடைவெளியில் செம்பருத்தி, அதற்கு முன்னால் ஒன்றரை அடிக்கு ஒன்றாக வெட்சி, அதாவது இட்லிப்பூ, விளிம்பில் கனகாம்பரம். மூன்றிலும் முள் இல்லை, கிள்ளினால் பால் வடிவதில்லை. வெட்சியைக் கேட்டு வாங்கியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பூவின் நடுவே உள்ள மெல்லிய இழையை மெதுவாக உருவினால் அதன் நுனியில் ஒரு துளி தேன் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கண்டுபிடிக்காத குழந்தை இல்லை. நட்ட மறுமாதமே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். அன்றே, இந்த ஓரத்தில் எக்காரணம் கொண்டும் பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தபோதுகூடத் தண்ணீரைப் பீய்ச்சியே கழுவிவிட்டோம்.

நான்காம் மாதத்தில் சுவருக்கு அருகே இருந்த வெட்சிகள் மட்டும் வெளுக்கத் தொடங்கின; இலை நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகியது. வந்து பார்த்த நர்சரிப் பணியாளர் மண்ணைக் கிளறி, சுவர் கட்டியபோது கொட்டிக் கிடந்த சிமெண்ட் காரைத் துண்டுகளை எடுத்துக் காட்டினார். வெட்சிக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். காரையின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்குவதால் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடிவதில்லை என்று பொறுமையாக விளக்கினார். இடிபாட்டை அகற்றி, மக்கிய உரமிட்டு, கூலி வாங்காமல் மறுபடி நட்டுக் கொடுத்தார். புதுத் தளிர் பச்சையாகவே வந்திருக்கிறது.

இன்னொரு குறை, செடிகளில் கட்டியிருந்த சீட்டுகளில் வழக்குப் பெயர் மட்டுமே இருந்தது. அரளி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்கப்படுவதால், தாவரவியல் பெயரையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது. கவாத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். ஆசிரியர் நின்றால் மறுபுறம் இருக்கும் பிள்ளை தெரியும்படி முன்வரிசையை இடுப்பளவில் வைத்திருக்கிறார்கள். அடுத்து விளையாட்டுத் திடலின் ஓரத்துக்கும் இவர்களையே அழைக்கவிருக்கிறோம், செடிப் பட்டியலை மட்டும் நாங்களே எழுதிக் கொடுத்து.